தெர்மாகோல் உருண்டைகள் சொல்லாத தூரம்: சூரியன், பூமி, நிலா பற்றிய தவறுகள்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் மூன்று தெர்மாகோல் உருண்டைகளை வரிசையாக நிறுத்திய மாதிரியைப் பலரும் பார்த்திருப்போம். பெரிய மஞ்சள் உருண்டை சூரியன், நீலம் பூமி, ஒரு சாண் தள்ளி வெள்ளை நிலா. ஆசையாகச் செய்த பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் இந்த மூன்றையும் பற்றி நாம் பெரியவர்களாகியும் விடாமல் வைத்திருக்கும் தவறுகளில் பல, அந்த ஒரு சாண் இடைவெளியில்தான் பிறக்கின்றன.

அளவை ஒருமுறை சரியாக வைத்துப் பாருங்கள். பூமியின் விட்டம் 12,742 கி.மீ. அதை 1.3 செ.மீ. கோலிக்குண்டாக எடுத்துக்கொண்டால், 3,474 கி.மீ. விட்டமுள்ள நிலா ஒரு சிறு மிளகு. அந்த மிளகைக் கோலியிலிருந்து 38 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். சூரியனோ 1.4 மீட்டர் உருண்டை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரம். அது நிற்க வேண்டிய இடம் 150 மீட்டருக்கு அப்பால்; பல பள்ளிகளில் மதிலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். நிலா பூமியைச் சுற்றும் பாதை முழுவதையும் அந்த உருண்டைக்குள் வைத்துவிடலாம். இந்தக் கோலியையும் மிளகையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மிகப் பரவலான தவறு, பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்பது. படித்தவர்களும் தயங்காமல் இதைச் சொல்கிறார்கள். மூன்றாம் பிறையை நினைத்துப் பாருங்கள். சூரியன் மறைந்த சற்று நேரத்தில், அதே மேற்கு வானில், சூரியனுக்கு அருகில்தான் அது தெரியும். பூமியின் நிழலோ எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் விழுவது. அந்த நேரத்தில் அது கிழக்கே இருக்கும். மேற்கே இருக்கும் பிறையை எப்படித் தொடும்? நிலாவில் எப்போதும் ஒரு பாதி வெயிலில்தான் இருக்கிறது. அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே பிறை.

நிழல் உண்மையிலேயே நிலாவின் மேல் விழும் நாள் சந்திர கிரகணம். அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமியிலும் கிரகணம் வர வேண்டுமே என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைத் தட்டிக்கழித்துவிடாதீர்கள். அருமையான கேள்வி அது. நிலாவின் பாதை ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. நம் கணக்கில் மிளகு மேலும் கீழுமாக 3 செ.மீ.க்கு மேல் ஏறி இறங்கும். அந்தத் தொலைவில் கோலியின் முழுநிழல் 1 செ.மீ. அகலம்கூட இருக்காது. பெரும்பாலான பௌர்ணமிகளில் மிளகு நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிப் போய்விடுகிறது.

நிலாவும் சூரியனும் ஒரே அளவாகத் தெரிவதற்குக் காரணம், சூரியன் 400 மடங்கு பெரியது, ஏறத்தாழ 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது என்பதுதான். நிலாவின் தூரம் கூடிக் குறைவதால் இந்தப் பொருத்தம் எப்போதும் கச்சிதமாக அமையாது. 2019 டிசம்பர் 26 அன்று கோவையிலும் திண்டுக்கல்லிலும் தெரிந்த வளையக் கிரகணத்தில், நிலாவால் சூரியனை முழுவதும் மூட முடியாமல் ஓரம் நெருப்பு வளையமாக நின்றது. இத்தகைய நாளில் எக்ஸ்ரே பிலிம், கரி படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் வழியாகச் சூரியனைப் பார்ப்பது விழித்திரையைச் சுட்டுவிடும். சுடுவது வலிக்காது என்பதுதான் ஆபத்து. சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம்.

வெயில் காலத்தில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்பது இன்னொரு தவறு. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நமக்கு மார்கழிப் பனி கொட்டும்போது. அப்போது 14.71 கோடி கி.மீ., ஜூலையில் 15.21 கோடி கி.மீ. பருவங்களை உண்டாக்குவது பூமி அச்சின் 23.5 டிகிரிச் சாய்வு. ஏப்ரல் இறுதியில் சென்னையின் நண்பகலில் கம்பத்துக்கு நிழலே இல்லாத நாள் வருவதும் அந்தச் சாய்வால்தான்.

சூரியன் பூமியை இழுக்கும் விசை நிலாவின் இழுவிசையைப் போல ஏறத்தாழ 180 மடங்கு. ஆனால் கடல் ஏற்றத்தில் சூரியனின் பங்கு நிலாவின் பங்கில் பாதிகூட இல்லை. கோலிக்கே திரும்புவோம். 38 செ.மீ. தள்ளியிருக்கும் மிளகுக்குக் கோலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெவ்வேறு தூரம். 150 மீட்டருக்கு அப்பால் இருக்கும் சூரியனுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கடலை உயர்த்துவது இழுவிசையின் அளவு அல்ல, இரு பக்கத்துக்கும் உள்ள அதன் வேறுபாடு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் சேர்வதால் கடல் மிக உயர்கிறது.

கடைசியாக, "நிலவின் இருண்ட பக்கம்" என்ற சொல். நமக்குத் தெரியாத பக்கம் உண்டு; நிரந்தரமாக இருண்ட பக்கம் கிடையாது. நிலா தன்னைச் சுற்றவும் பூமியைச் சுற்றவும் ஒரே 27.3 நாட்களை எடுத்துக்கொள்வதால் ஒரே முகத்தைக் காட்டுகிறது. வெயில் இரு பக்கமும் மாறி மாறி விழும். பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 14 நாள் பகல், 14 நாள் இரவு. சந்திரயான்-3 தரையிறங்க 2023 ஆகஸ்ட் 23 தேர்ந்தெடுக்கப்பட்டது அங்கே விடிந்திருந்ததால்தான். சூரிய ஒளியில் இயங்கிய அதன் தரையிறங்கு கலமான விக்ரம், அந்த ஒரு பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு, இரவு நெருங்கியபோது உறக்கத்துக்கு அனுப்பப்பட்டது. மறுபடி விடிந்தபோது அழைத்தார்கள், அது எழவில்லை.