நாகர்கோவிலில் எளியோர் வீட்டுக்கு நிலம் கேட்பது எப்படி

சென்ட் விலை ஏறும் ஊரில் வீட்டு விலையைத் தீர்மானிப்பது செங்கல்லும் சிமென்டும் அல்ல, நிலமே. ஆகவே முதலில் அகஸ்தீஸ்வரம் வட்டாட்சியர் அலுவலகத்தில் நகர நில அளவைப் பதிவேட்டைப் பார்த்து, உங்கள் வார்டிலுள்ள அரசுப் புறம்போக்குகளை நில அளவை எண்ணோடு (சர்வே எண்) பட்டியலிடுங்கள். குளம், கால்வாய்ப் புறம்போக்குகளை அறவே தொடாதீர்கள். எஞ்சியிருக்கும் வயல்களின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

அடுத்து, அந்நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விடும்படி மாமன்ற உறுப்பினர் வழியாகத் தீர்மானம் கோருங்கள். 1966-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இயற்றிய சிங்கப்பூர், தன் வீட்டுவசதிக் கழக வீடுகளை 99 ஆண்டுக் குத்தகைக்கே தருகிறது. நிலம் பொதுச்சொத்தாகவே நிலைப்பதுதான் இதில் எனக்கு முதன்மையாகப் படுகிறது. 10 சென்ட் என்பது 4,356 சதுர அடி: தனி மனைகளாகப் பிரித்தால் மூன்று குடும்பங்களோடு முடிந்துவிடும், அடுக்குமாடியாக எழுப்பினால் அதைப்போல் பல மடங்கு குடும்பங்கள் குடியேறலாம். மனுவில் இந்தக் கணக்கை வரைபடத்தோடு இணையுங்கள்.