புரியாத செமினாரில் ஒரு மணி நேரம் உட்கார்வது எப்படி?

கணிதத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்ததும் கைடு சொல்கிற முதல் வேலை, "வாரா வாரம் செமினாருக்குப் போ." போய் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் பிடி நழுவிவிடும், மீதி ஐம்பது நிமிடம் போர்டையே பார்த்துக்கொண்டிருப்போம். நானும் இரண்டு வருடம் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்த இரண்டு வருடம் வீணாகப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: முன் வரிசையில் தலையாட்டிக்கொண்டிருக்கும் பேராசிரியர்களுக்கும் முழுசாகப் புரிவதில்லை. எண் கோட்பாட்டுக்காரருக்கு டோபாலஜி என்கிற வேறொரு கணிதப் பிரிவின் டாக் (பேச்சு) பாதிக்கு மேல் எட்டாது. முதல் கால் மணி நேரம் எல்லோருக்கும், நடுப்பகுதி அந்தத் துறைக்காரர்களுக்கு, கடைசிப் பத்து நிமிடம் அதே கணக்கில் வேலை செய்கிற இரண்டு மூன்று பேருக்கு என்றுதான் பெரும்பாலான டாக்குகள் அமைகின்றன. ஆகவே அந்த முதல் கால் மணி நேரத்தைக் கெட்டியாகப் பிடியுங்கள், தாமதமாகப் போகவே போகாதீர்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. தரமணியில் மேட்சயின்ஸ் என்கிற கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியில் சிஎம்ஐ என்கிற சென்னை கணிதக் கழகம், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராமானுஜன் இன்ஸ்டிடியூட், அப்புறம் ஐஐடி. அறிவிப்புகளை அவரவர் இணையதளத்தில் பாருங்கள், வாசலில் கேட்டால் காட்ட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கொலோக்கியம் என்று போட்டிருந்தால் துறை முழுவதற்குமான பேச்சு. அதிலிருந்து தொடங்குவது நல்லது.

போவதற்கு முந்தைய இரவு அப்ஸ்ட்ராக்டை, அதாவது அறிவிப்போடு வரும் பேச்சின் சுருக்கத்தை எடுத்து, தெரியாத சொற்களில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் வரையறையையும் ஓர் எடுத்துக்காட்டையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பேச்சாளரின் பேப்பரை ஆர்க்கைவில் (arXiv) தேடலாம், ஆய்வுக் கட்டுரைகளை 1991 முதல் இலவசமாகவே தருகிற இணையதளம் அது. முன்னுரை மட்டும் போதும், நிரூபணத்துக்குள் போகாதீர்கள்.

டாக் நடக்கும்போது போர்டில் இருப்பதையெல்லாம் காப்பி எடுக்க வேண்டாம். தேற்றம் ஒன்று வந்ததும் அதில் மிகச் சின்ன எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண்களைக் கூட்டலாகப் பிரிப்பது பற்றி ராமானுஜன் 1919-இல் வெளியிட்ட முடிவையே எடுத்துக்கொள்வோம்: 5-ஆல் வகுத்தால் மீதி 4 வருகிற எந்த எண்ணையும் பிரிக்கும் விதங்களின் எண்ணிக்கை 5-இன் மடங்காக இருக்கும். உடனே 4-ஐப் பிரியுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1, ஆக 5 விதம். அடுத்தது 9, அதற்கு 30. அதற்கடுத்து 14, அதற்கு 135. இப்போது தேற்றம் உங்கள் கைக்கு வந்துவிட்டது, பேச்சாளர் அதற்கப்புறம் எங்கே போனாலும் நீங்கள் நிற்க ஓர் இடம் இருக்கிறது.

இனி கேள்வி. இதே முடிவு 7-க்கும் 11-க்கும் உண்டு என்று பேச்சாளர் சொன்னால் யாருக்கும் தோன்றுவது, "13-க்கு ஏன் இல்லை?" இது பச்சைக் குழந்தை கேட்கிற கேள்வி போலத்தான் தெரியும். ஆனால் இதே எளிய வடிவில் 5, 7, 11 தவிர வேறு எந்தப் பகா எண்ணுக்கும் கிடையாது என்பதை ஆல்கிரென், பாய்லன் என்ற இரு கணிதவியலாளர்கள் 2003-இல்தான் நிரூபித்தார்கள். உங்களுக்குச் சின்னதாகத் தோன்றும் கேள்விக்குப் பின்னால் 84 வருட வேலை இருக்கக்கூடும், தயவுசெய்து விழுங்கிவிடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுந்து கேட்கத்தான் பயம், எனக்கும் அதுதான் தடையாக இருந்தது. கேள்வியை நோட்டில் எழுதிவைத்து அப்படியே வாசியுங்கள். "சார், வாட் இஸ் த சிம்ப்ளஸ்ட் எக்ஸாம்பிள்?" என்ற ஒரே வாக்கியம் எந்த டாக்கிலும் செல்லும், நல்ல பேச்சாளர் அதைக் கேட்டு மகிழ்ந்துதான் போவார். மாஸ்கோவில் கெல்ஃபாண்ட் என்ற கணித மேதை 1943-இல் தொடங்கிய செமினாரில், கூட்டத்திலிருந்து ஒருவரை எழுப்பி இதுவரை சொன்னதை விளக்கச் சொல்வாராம், எழுந்தவர் திணறினால் விஷயம் மறுபடி விளக்கப்படும். புரியாதவரை வைத்துத்தான் அந்த அறையின் வேகமே முடிவானது.

எல்லோர் முன்னாலும் முடியவில்லையா, சரி, டீ நேரத்தில் கேளுங்கள். டம்ளரோடு நிற்கும்போது பேச்சாளர்கள் போர்டில் சொல்லாததையெல்லாம் சொல்வார்கள்: எந்த வழி முட்டுச்சந்தாகிப் போனது, எந்த எடுத்துக்காட்டில் முதலில் பொறி தட்டியது என்று. எனக்கு என் முதல் ஆராய்ச்சிக் கேள்வி கிடைத்தது அப்படி ஒரு டீயில்தான்.

வீட்டுக்குப் போவதற்குள் மூன்று விஷயம் எழுதுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரவி வாகில் தன் மாணவர்களுக்குச் சொல்கிற பயிற்சி இது. ஒரு வரையறை, ஒரு எடுத்துக்காட்டு, ஒரு சந்தேகம் என்று எதுவானாலும் சரி. சந்தேகம் அடுத்த நாளும் உறுத்திக்கொண்டிருந்தால் பேச்சாளருக்கு நான்கு வரியில் மெயில் போடுங்கள், எந்தத் தேற்றம், எந்த இடம் என்று குறிப்பிட்டு.