புது ஸ்னோபோர்டைப் பனிக்குத் தயார் செய்வது எப்படி?

ஸ்னோபோர்டு என்னும் பனிச்சறுக்குப் பலகையைப் பிரித்த கையோடு, பூட்ஸை அதோடு பிணைக்கும் பைண்டிங்கைப் பூட்டத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், மெழுகுதான் முதல் வேலை. பைண்டிங் இறுகப் பூட்டியிருக்கும்போது மெழுகை உருக்கித் தேய்க்கும் சூடான பெட்டியை ஓட்டினால், திருகுகள் இழுத்துப் பிடித்திருக்கும் இடங்களில் அடிப்பரப்பு சூட்டில் உள்வாங்கிச் சின்னக் குழிகள் விழும். வெறும் போர்டாக இருக்கும்போதே மெழுகு போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

மெழுகு போடுதல்

தொழிற்சாலையில் பூசி வரும் மெழுகு மெல்லியது, சீக்கிரம் போய்விடும். எல்லா வெப்பநிலைக்கும் ஆன மெழுகுக் கட்டி ஒன்று போதும். அதன் உறையில் போட்டிருக்கும் சூட்டையே பெட்டியில் வையுங்கள். பெரும்பாலும் 120 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். மெழுகு புகைந்தால் சூடு அதிகம். கட்டியைப் பெட்டியில் அழுத்தி, அடிப்பரப்பு முழுக்கச் சொட்டவிட்டு, நுனியிலிருந்து வால்வரை நிற்காமல் தேயுங்கள். போர்டின் மேற்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், சுடக்கூடாது.

அரை மணி நேரமாவது ஆறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் நுனியிலிருந்து வால்நோக்கிச் சுரண்டுங்கள். போட்டதையெல்லாம் சுரண்டி எடுப்பதா என்று தோன்றும். ஆமாம், எல்லாவற்றையும்தான். சறுக்க உதவுவது உள்ளே ஊறிய மெழுகு. மேலே தங்கியது பனியில் இழுக்கும். சுரண்டியில் எதுவும் வராத நிலை வந்ததும் நைலான் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்.

துணி தேய்க்கும் பெட்டி வேண்டவே வேண்டாம். அதன் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஆவித் துளைகளில் மெழுகு புகுந்து அடைத்துக்கொள்ளும். மெழுகுக்கென்றே விற்கும் பெட்டிதான் அடிப்பரப்பைக் கருக்காது.

எந்தக் கால் முன்னால்?

இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. யாரையாவது பின்னாலிருந்து தள்ளச் சொல்லிப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு வழுக்கும் தரையில் ஓடிவந்து சறுக்கிப் பாருங்கள். தானாக எந்தக் கால் முன்னால் போகிறதோ அதுதான்.

கால்களுக்கு இடையிலான அகலத்துக்கு, போர்டிலேயே குறித்திருக்கும் நடு அளவில் தொடங்குங்கள். தோள் அகலமோ அதைவிடச் சற்றுக் கூடுதலோ இருந்தால் சரி. கோணம் முன்காலுக்கு +15, பின்காலுக்கு -6 வைத்துத் தொடங்கலாம் (விரல்கள் நுனிப்பக்கம் திரும்பினால் +, வால்பக்கம் திரும்பினால் -). பைண்டிங்கின் நடுவில் திருகுகள் செல்லும் வட்டத் தகடுதான் டிஸ்க். அதன் ஓரத்தில் இருக்கும் கோடுகளைப் பைண்டிங்கின் அம்புக்குறியோடு பொருத்த வேண்டும். பெரும்பாலான டிஸ்க்குகளில் ஒரு பல் நகர்ந்தால் 3 டிகிரி.

பூட்ஸை நடுவில் நிறுத்துதல்

பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். வெறும் பைண்டிங்கைப் பார்த்து “நடுவில் இருக்கிறது” என்று பூட்டிவிடுகிறார்கள். நடுவில் இருக்க வேண்டியது பைண்டிங் அல்ல, பூட்ஸ்.

திருகுகளை லேசாக மட்டும் மாட்டுங்கள். பூட்ஸை உள்ளே வைத்து, குதிகால் ஹைபேக்கோடு (பைண்டிங்கின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தாங்கி) ஒட்டும்படி தட்டி, பட்டைகளை இறுக்குங்கள். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் பூட்ஸ் போர்டின் விளிம்பைத் தாண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். மொத்தம் 3 செ.மீ. என்றால் பக்கத்துக்கு 1.5 செ.மீ. வர வேண்டும். விரல் பக்கம் 2.5, குதிகால் பக்கம் 0.5 என்று இருந்தால், விரல் பக்கம் சாய்ந்து திரும்பும்போது பூட்ஸ் பனியில் உரசி விளிம்பைத் தூக்கிவிடும். குதிகால் பக்கம் சாய்வதற்கோ கூடுதல் பலம் போட வேண்டிவரும். புதிதாகக் கற்பவர்கள் தங்களுக்குத்தான் திரும்ப வரவில்லை என்று நினைத்து நொந்துபோவார்கள். தவறு அவர்களுடையதே அல்ல.

சரிசெய்ய, டிஸ்க்கின் நீள்துளைகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பாருங்கள். நுனி-வால் திசையில் இருந்தால் டிஸ்க்கை 90 டிகிரி திருப்புங்கள். இப்போது பைண்டிங் விரல்-குதிகால் திசையில் நகரும். இதற்கு ஒரு விலை உண்டு: கால் அகலத்தை நூலிழையாக மாற்ற முடியாது, போர்டின் துளை இடைவெளிப்படி 2 அல்லது 4 செ.மீ. தாவித்தான் மாற்றலாம். அதனால் பரவாயில்லை, பூட்ஸ் நடுவில் இருப்பதே முக்கியம். இரண்டு பக்கமும் 2 செ.மீ.க்கு மேல் நீண்டால் போர்டு ஒடுக்கம். உங்கள் பூட்ஸுக்கு அகல வகை போர்டு வேண்டும்.

திருகுகளை முறுக்குதல்

திருகின் தலையை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரைவ். அதற்கு 3-ஆம் எண் போசிட்ரைவ் முனைதான் சரி. வீட்டில் கிடக்கும் சிறிய பிலிப்ஸ் (சாதாரணக் கூட்டல் குறி) முனையை வைத்து அழுத்தினால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும்.

பைண்டிங்கோடு வந்த எம்6 (6 மி.மீ. தடிமன்) திருகுகளையே பயன்படுத்துங்கள். நீளம் கூடினால் அடிப்பரப்பு புடைக்கும், குறைந்தால் மரை பிடிக்காமல் பிடுங்கிக்கொள்ளும். குறுக்கும் நெடுக்குமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் முறுக்குங்கள். பவர் டிரில்லைத் தொடாதீர்கள். திருகு தளராமல் இருக்கப் பூசும் மரைப்பசையும் வேண்டாம், சில டிஸ்க் பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விழவைக்கும். திருகிலேயே இருக்கும் நீலப் பூச்சு போதும்; அது தேய்ந்தால் திருகை மாற்றுங்கள். முதல் நாள் இரண்டு முறை சறுக்கி இறங்கியதும் எல்லாத் திருகையும் இன்னொரு தடவை இறுக்குங்கள், ஒன்றிரண்டு தளர்ந்திருக்கலாம்.

ஹைபேக்கின் முன்சாய்வைப் பூஜ்ஜியத்தில் விடுங்கள். பட்டைக் கொக்கிகள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உட்பக்கம் வந்தால் இடதும் வலதும் மாறிவிட்டன.

பின்சேர்க்கை: போர்டின் நடுவே நான்கு துளைக் கூட்டத்துக்குப் பதில் நீளப் பள்ளம் இருந்தால் அது பர்ட்டன் என்ற ஸ்னோபோர்டு நிறுவனத்தின் சேனல் அமைப்பு. பைண்டிங் ஒன்றுக்கு இரண்டே திருகுகள், நகர்த்துவதும் எளிது. ஆனால் டிஸ்க் சேனலுக்கு ஏற்றதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.