வேகமானதா, வேகமாகவா?

ஒரு சொல் பெயரடையா (பெயர்ச்சொல்லை விளக்குவது), வினையடையா (வினைச்சொல்லை விளக்குவது) என்று குழம்பினால் கேள்வி கேட்டுப் பாருங்கள். 'வேகமான குதிரை' – எப்படிப்பட்ட குதிரை? பெயரடை. 'வேகமாகப் பாய்ந்தது' – எப்படிப் பாய்ந்தது? வினையடை. வெறும் 'வேகம்' பெயர்ச்சொல். 'ஆன', 'ஆக' சேர்ந்துதான் மற்ற இரண்டும் வருகின்றன.

எல்லாச் சொல்லும் இப்படி மாறாது. 'நல்ல' என்பது 'நன்றாக' ஆகும். 'புதிய' என்பது 'புதிதாக'. இவற்றைப் பழகித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் ஒற்று. 'ஆக' என்று முடியும் வினையடைக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும், அதாவது நடுவில் க், ச், த், ப் சேரும். 'ஆன' என்று முடியும் பெயரடைக்குப் பின் மிகாது. 'அழகாகப் பாடினாள்', 'அழகான பாட்டு'. சுவரொட்டிகளில் 'அழகானப் பாட்டு' என்று பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

'ஆசிரியராகச் சேர்ந்தார்' என்பதில் மட்டும் கவனம். அங்கே கேள்வி 'எப்படி' அல்ல, 'என்னவாக'.