குட்டிப் புரதத்தை நம்பி ஏமாறும் இடங்கள்

'வில்லின்' (villin) என்ற புரதத்தின் தலைப்பகுதியில் இருந்து எடுத்த 35 அமினோ அமிலத் துண்டு ஒன்று உண்டு. சில மைக்ரோ நொடிகளில் தானாகத் தன் முப்பரிமாண வடிவத்துக்கு மடிந்துவிடும். ட்ரிப்-கேஜ் என்ற புரதம் அதைவிடச் சின்னது, வெறும் 20. கிலா மான்ஸ்டர் என்ற பல்லியின் உமிழ்நீரில் உள்ள எக்ஸென்டின்-4 என்ற புரதத்துண்டை வெட்டி ஒட்டி 2002-ல் வடிவமைத்தார்கள். கணினியில் ஓட்டிப் பார்க்கவும் சோதனைக்குழாயில் சரிபார்க்கவும் இவை வசதி. அந்த வசதியில்தான் கவனம் தளர்கிறது.

முதல் வில்லன் யூரியா. புரதத்தை அவிழ்க்க 8 மோலார் கரைசலைக் கலக்கி, மிச்சத்தை அலமாரியில் வைத்து அடுத்த வாரமும் எடுத்து ஊற்றுகிறோம். யூரியா கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சயனேட் என்ற வேதிப்பொருள் உருவாகும். சூடு காட்டினால் இன்னும் வேகமாக. அது புரதத்தின் லைசின் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதன் நேர்மின்சுமையை அழித்துவிடும். பிறகு நீங்கள் அளப்பது வேறொரு புரதம். மூலக்கூறின் எடையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் போட்டுப் பாருங்கள்: ஒட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் 43 டால்டன் எடை கூடியிருக்கும். யூரியாவை அன்றன்றைக்குக் கலக்குவதுதான் வழி.

அடுத்தது, அறை வெப்பத்தில் எல்லாமே முழுதாக மடிந்திருக்கும் என்று வைத்துக்கொள்வது. ட்ரிப்-கேஜின் முதல் வடிவம் 42 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே பாதி அவிழ்ந்துவிடும். 25 டிகிரி அளவையே 'நூறு சதவீதம்' என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஆரம்பத்திலேயே கோணல். சூடாக்கிய பிறகு குளிரவைத்தும் அளக்க வேண்டும். குளிரும்போது வரும் வளைகோடு சூடாக்கியபோது வந்த தடத்துக்குத் திரும்பாவிட்டால் சமநிலைக் கணக்கே செல்லாது.

நோய்ப் பக்கம் வந்தால் தவறு இன்னும் பெரிது. சோதனைக்குழாயில் அமிலாய்டு இழை, அதாவது புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாகும் நார், தெரிந்ததும் 'நோய்ப் புரதம்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். எந்த நோயோடும் தொடர்பில்லாத எஸ்ஹெச்3 என்ற சிறு புரதப் பகுதி ஒன்று அமிலக் கரைசலில் அப்படியே இழையாவதை 1998-லேயே காட்டியாயிற்று. இழையாவது பல புரதச் சங்கிலிகளுக்கும் பொதுவான குணம்.

அல்சைமர் ஆய்வுக்கு வாங்கும் அமிலாய்டு-பீட்டா என்ற புரதத்துண்டின் பொடியிலோ, கரைக்கும் முன்பே சிறு திரள்கள் இருக்கலாம். அவை விதைபோல வேலை செய்யும். இழை தோன்றும் நேரம் ஒவ்வொரு குப்பிக்கும் ஒரு மாதிரி வரும். மருந்துதான் வேலை செய்தது என்று நினைத்து ஏமாறவும் இடமுண்டு. கரைத்த அன்றே, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிகட்டல் தூணில் ஓட்டி, தனித்தனி மூலக்கூறுகளாக வரும் பகுதியை மட்டும் பிடித்து, உடனே சோதனையைத் தொடங்குங்கள். மிச்சத்தை நாளைக்கு என்று ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் மறுபடி விதைகளோடுதான் நிற்பீர்கள்.