குற்றவியல் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகப் புதிதாக உட்காருபவர்களுக்கு

வேலூர் மாவட்டத்தில் சத்துவாச்சாரி வளாகமோ, காட்பாடியோ, குடியாத்தமோ, குற்றவியல் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க் (நடுவரின் கட்டுகளையும் உத்தரவுகளையும் கவனிக்கும் எழுத்தர்) மேஜைக்கு வருகிறவர் முதல் நாளே ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நடுவர் (மாஜிஸ்திரேட்) சொல்லும் உத்தரவை நீங்கள் எழுதி, கையெழுத்து வாங்கி, சேர வேண்டிய இடத்தில் சேர்த்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். அதுவரை ஜாமீன் கிடைத்தவரும் தொரப்பாடி சிறைக்குள்தான் இருப்பார்.

வழக்குக் கட்டுகளை முந்தின நாள் மாலையே எடுத்து வையுங்கள். கணினியில் வரும் வாய்தா பட்டியலை நம்பி மட்டும் எடுத்தால் சில கட்டுகள் விட்டுப்போகும், ஏனென்றால் தேதி மாற்றியதைக் கணினியில் ஏற்ற மறப்பது சாதாரணமாக நடக்கிறது. டைரியையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்து எண்ணைச் சரிபாருங்கள். ரிமாண்ட் நீட்டிப்பு, ஜாமீன் மனு, சாட்சி வந்திருக்கும் வழக்கு ஆகியவற்றை மேலே அடுக்குங்கள். 317 மனு (இன்று எதிரி நேரில் வராததைப் பொறுத்துக்கொள்ளக் கேட்கும் மனு; கோர்ட்டில் 'எதிரி' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) மட்டும் வரும் வழக்குகள் கீழே இருக்கலாம். (புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 355. ஆனாலும் வக்கீல்கள் வாயில் இன்னும் 317தான்.)

பிரிவு எண்களில் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1-7-2024-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுதான். பழைய கட்டில் 'சரிசெய்கிறேன்' என்று புதிய பாரதிய நியாய சன்ஹிதா பிரிவை எழுதிவிட்டால், சம்மனில் ஒன்றும் குற்றச்சாட்டில் ஒன்றுமாக நிற்கும்.

ரிமாண்ட் கணக்கு

மிக அதிகமாகக் கவனம் கேட்கும் இடம் இது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவாக்கிவிட்டது. ஜூன் 10 அன்று ரிமாண்ட் என்றால் 15-ஆவது நாள் ஜூன் 24. நீட்டிப்புக்கு அன்றே போட வேண்டும், 25-க்கு அல்ல. 60-ஆவது நாள் ஆகஸ்ட் 8, 90-ஆவது நாள் செப்டம்பர் 7. குற்றப்பத்திரிகைக்கு 60, 90 இரண்டில் எந்தக் கெடு பொருந்தும் என்பதை ரிமாண்ட் அன்றே நடுவரிடம் கேட்டு, கட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் குறித்துவையுங்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறந்துவிடுகிறது.

அந்த நாட்களில் வரும் ஜாமீன் மனுவிலும் குற்றப்பத்திரிகையிலும் தேதி முத்திரை மட்டும் போதாது, மணியையும் எழுதுங்கள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் எது முதலில் வந்தது என்பதில்தான் ஒருவருடைய விடுதலை தங்கியிருக்கிறது.

ஜாமீன் முதல் சிறை வாசல் வரை

ஜாமீன்தாரரின் ஆதார், குடும்ப அட்டை, சொத்து அல்லது வரி ரசீது இவற்றின் மூலத்தைப் பார்த்து நகலை வாங்குங்கள். அவர் வேறு எந்த வழக்கில் ஜாமீன் நின்றிருக்கிறார் என்று ஜாமீன் பதிவேட்டில் தேடுங்கள். உறவுக்காரர்கள் அணைக்கட்டிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்திருப்பார்கள். எந்தக் காகிதம் குறைகிறது என்பதைக் காலையிலேயே, "இது இல்லம்மா, இதை மட்டும் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் ஒரு நாள் மிச்சம். மாலை நான்கு மணிக்குச் சொன்னால் அவர்கள் மறுநாள்தான் வர முடியும்.

விடுதலை உத்தரவில் குற்ற எண், ஆண்டு, காவல் நிலையம், பிரிவு, தந்தை பெயர் எல்லாம் ரிமாண்ட் வாரண்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். வேலூர் வடக்கு, வேலூர் தெற்கு என இரண்டு நிலையங்கள் உண்டு, இரண்டிலும் ஒரே எண்ணில் குற்ற எண் இருக்கும். 'வடக்கு' என்ற ஒரு சொல் விட்டுப்போனால் சிறையில் உத்தரவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்பது 2023 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்ற உத்தரவு. ஏழு நாளில் அவர் வெளியே வராவிட்டால், சிறையிலிருந்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தகவல் போக வேண்டும்.

வேறு வழக்கில் போட்ட பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் ஆணை) ரத்தாகாமல் கிடந்தாலும் ஆள் வெளியே வரமாட்டார். அந்த வழக்கு முடிந்த அன்றே அதைத் திரும்பப் பெறும் கடிதமும் போக வேண்டும்.

பிடியாணையும் இப்படித்தான். எதிரி ஆஜராகி மனுப் போட்டதும் நடுவர் பிடியாணையை ரத்து செய்கிறார். நிலையத்துக்கு மெமோ போகாவிட்டால், இரண்டு வாரம் கழித்து ராத்திரியில் போலீஸ் வீட்டுக் கதவைத் தட்டும். ரத்து மெமோவை அந்த நிலையத்தின் கோர்ட் காவலரிடம் அன்றே கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

சாட்சி நாள்

அரசு மருத்துவருக்கும் ஆய்வாளருக்கும் சம்மன் அனுப்பும்போது பெயரோடு இப்போதைய பணியிடத்தையும் கேட்டு எழுதுங்கள். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை செய்தவர் இன்று வேறு மாவட்டத்தில் இருக்கலாம். பழைய முகவரிக்குப் போகும் சம்மன் 'மாறுதலாகிவிட்டார்' என்ற குறிப்போடு திரும்பும், வாய்தா வீணாகும்.

சித்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கு மட்டும் தெரிந்த சாட்சி வரும் என்றால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். அவருக்கும் சத்தியப்பிரமாணம் உண்டு.

அ.சா.1 (அரசு தரப்பு சாட்சி), அ.சா.ஆ.1 (அரசு தரப்பு சான்று ஆவணம்), சா.பொ.1 (சான்றுப் பொருள்) என்று குறியிடும்போதே பட்டியலில் ஏற்றுங்கள். மாலையில் ஏற்றலாம் என்று விட்டால் இரண்டு ஆவணத்துக்கு ஒரே எண் விழும். குறுக்கு விசாரணையில் குறியிடும் எதிர்த்தரப்பு ஆவணம்தான் அதிகம் தவறுவது. பாலியல் குற்ற வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயர் வாய்தா பட்டியலிலோ கணினியிலோ வெளித்தெரியக் கூடாது. டவாலி (கோர்ட் சேவகர்) வராந்தாவில் பெயர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. டவாலியிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள்.

சொத்து அறை

நிலையத்திலிருந்து வரும் பொருளைப் படிவத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள். பணமென்றால் மொத்தத் தொகை போதாது, நோட்டு எண்களும் வேண்டும். நகைக்கு எடை எழுதுங்கள். காகிதச் சீட்டு பசை விட்டு உதிர்ந்துவிடும். துணி உறையிலேயே அழியாத மையில் குற்ற எண்ணும் சொத்துப் பதிவேட்டு எண்ணும் எழுதினால் ஐந்து வருடம் கழித்தும் கத்தி எந்த வழக்குடையது என்று தெரியும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவுப்படி, பொருள் வந்த 14 நாளில் விவர அறிக்கை, படம் எடுத்தல், பிறகு 30 நாளில் ஒப்படைப்பு குறித்த உத்தரவு. இதைக் கடைப்பிடித்தால் வண்டிகள் நிலைய வாசலில் மழையில் துருப்பிடித்துக் கிடக்க வேண்டியதில்லை.

செஷன்ஸுக்கு ஒப்படைக்கும் பி.ஆர்.சி. (பூர்வாங்கப் பதிவேட்டு) வழக்கில் எதிரிகளுக்கு நகல் கொடுத்த கையெழுத்து, பக்க எண், பொருள் பட்டியல் மூன்றையும் பாருங்கள். கட்டு போன பிறகு வரும் தடய அறிவியல் ஆய்வறிக்கை நடுவர் கோர்ட் தபாலிலேயே தங்கிவிடுவதுண்டு. தபால் பார்ப்பவரிடம் ஒப்படைத்த வழக்குகளின் எண் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவையுங்கள்.

தீர்ப்பு நாளில் தண்டனை என்றால், தீர்ப்பு நகலை எதிரிக்கு உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும். தண்டனை வாரண்டில் ஏற்கெனவே சிறையில் இருந்த நாட்களைத் தேதியோடு எழுதுங்கள். கைதான நாள், ஜாமீனில் போன நாள், மறுபடி அடைபட்ட நாள் எல்லாம் ரிமாண்ட் பதிவேட்டில் இருக்கும். பல பிரிவுகளில் தண்டனை இருந்து, 'ஏக காலத்தில்' என்ற சொல் வாரண்டில் விட்டுப்போனால் சிறையில் ஒன்றன்பின் ஒன்றாகவே கணக்கிடுவார்கள். கையெழுத்துக்கு வைக்கும் முன் தீர்ப்பின் கடைசிப் பத்தியையும் வாரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.