பொறிவண்டு விடுவதற்கு முன்னால் எறும்பைப் பாருங்கள்

மரங்களில் மாவுப்பூச்சி ஏறியதும், அதைத் தின்னும் பொறிவண்டை வாங்கி மரத்தில் விடலாம் என்று தோன்றும். நல்ல யோசனைதான், ஆனால் முதலில் அடிமரத்தைப் பாருங்கள். அங்கே எறும்புச் சாரை ஏறிக்கொண்டிருந்தால் வண்டுக்குச் செலவழிக்கும் காசு வீண், ஏனென்றால் மாவுப்பூச்சி கழிக்கும் தித்திப்பான நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், வண்டை விரட்டும், வண்டின் புழுக்களைக் கடித்துக் கொல்லும். அடிமரத்தில் டேப்பைச் சுற்றி அதன்மேல் பசை தடவுங்கள், பட்டையில் நேரடியாகத் தடவ வேண்டாம். தரையைத் தொடும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும்.

மாவுப்பூச்சிக்கு ஏற்றது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு. உடம்பு கருப்பு, தலைப்பக்கம் செம்மஞ்சள், 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். மரத்தில் இருப்பது அசுவினி (செடிப்பேன்) என்றால் அதற்கு ஏற்றது பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. இந்தப் புழுக்கள் பசித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், அதனால் ஒரே இடத்தில் கொட்டாமல் பல கிளைகளில் பிரித்து விடுங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு விடுங்கள். மரத்துக்கு 10 வண்டு என்பது பொதுவான கணக்கு, ஆனால் எல்லா மரத்துக்கும் சமமாகப் பங்கு போடாமல் பூச்சி அடர்ந்திருக்கும் கிளையிலேயே விட வேண்டும். பூச்சி அப்பிக் கிடக்கும் கொழுந்துகளை முன்னாடியே கிள்ளி அழித்துவிட்டால் வண்டுக்கு வேலை சுலபம்.

சில நாள் கழித்து மரத்தில் முன்பைவிடப் பெரிய வெள்ளைப் பூச்சிகள் தெரியும். இங்கேதான் பலர் பயந்துபோய் மருந்து அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து பொறுங்கள், அவை வண்டின் புழுக்கள்! மாவுப்பூச்சி போலவே உடம்பெங்கும் வெள்ளை மெழுகு இழைகள் இருக்கும், ஆனால் இழைகள் நீளம், உடம்பும் பெரிது. குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், புழு விறுவிறுவென்று ஓடும், மாவுப்பூச்சி அசைந்தாலும் மெதுவாகத்தான் அசையும்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன ரொடோலியா பொறிவண்டு அங்கிருந்த ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில் பூச்சியிலிருந்து காப்பாற்றியது. அப்புறம் 1940-களில் டிடிடி என்ற பூச்சிமருந்தை அடித்ததும் வண்டுகள் செத்தன, அடங்கிக் கிடந்த செதில் பூச்சி மறுபடி கிளம்பியது. நீங்கள் ஏற்கெனவே மருந்து அடித்திருந்தால் அதன் வீரியம் போகும்வரை வண்டு விடாதீர்கள், சில மருந்துகளுக்கு அதுவே பல வாரம் ஆகும்.